நின்ற இடத்தில் நாற்பது கிலோமீட்டர்

வீட்டுக்குள் நின்ற இடத்தில் மிதிக்க உதவும் டிரெய்னரில் பூட்டிய சைக்கிளின் முன்சக்கரம் சுற்றாது. தரையில் வைத்த பிளாஸ்டிக் முட்டின்மேல் அது சும்மா உட்கார்ந்திருக்கும். மிதிக்கும் மிதியெல்லாம் பின்சக்கரத்துக்கும் அதை அழுத்திக்கொண்டு உருளும் உருளைக்கும் போய்விடும். வேகத்தையும் தூரத்தையும் எண்ணும் சென்சரோ முன்சக்கரத்தின் ஃபோர்க்கில் கட்டப்பட்டிருக்கும். ஆகவே சைக்கிளை முதல்முறை வீட்டுக்குள் ஏற்றி மிதித்தவர்களில் பலர் கண்டது ஒன்றுதான்: நெற்றியில் வேர்வை, கைப்பிடித் திரையில் பூஜ்யம்.

1980களில் தொடங்கி ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அந்தச் சென்சரின் இடம் முன்சக்கரம்தான். பிறகு பின்சக்கரத்துக்கு மாறியது. அதன்பின் சக்கரத்தின் நடுவே ஹப்பில் ஒட்டிக்கொண்டது. இப்போது பல வீடுகளில் அதற்கு வேலையே இல்லை. கட்டைவிரல் அளவுள்ள ஒரு பொருளின் இந்த இடமாற்றத்தில் மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கின் சாலைகளுக்கும் காற்றுக்கும் ஒரு நோய்க்காலத்துக்கும் பங்கு உண்டு. அதை மேருவில் இருந்து பார்ப்பது பொருத்தம். கிள்ளான் நகரிலிருந்து ஜாலான் மேரு வழியாக வடக்கே போனால் வரும் ஊர் இது. ஒரு பக்கம் காப்பார், மறுபக்கம் செத்தியா ஆலாம். ஜாவானியர் குடியேறிய கம்பங்கள், செம்பனை, மேசை நாற்காலி செய்யும் தொழிற்கூடங்கள், ரப்பர் கையுறைத் தொழிற்சாலைகள், இடையிடையே வரிசை வீடுகள். லாரிகளுக்குக் குறைவே இல்லை.

இந்த வட்டாரத்தில் சைக்கிள் விளையாட்டுப் பொருளாக வந்ததல்ல. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆர்.எச். நாதன் முன்னின்று நடத்திய கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் அவர்களுக்காகப் பேசியது. சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, நல்ல மருத்துவம், கள்ளுக்கடைகளை மூடுதல் என்று நீண்ட அந்தக் கோரிக்கைப் பட்டியலில் சைக்கிளைப் பற்றியும் ஒன்று இருந்தது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். ஒரு காசு செலவில்லாத கோரிக்கை, கொடுத்திருக்கலாம். மே மாதம் நாதன் கைதானார். சிலாங்கூரில் அவசரநிலை பிறப்பிக்கப்பட்டது, படை இறங்கியது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. அதில் பெரிய ஒரு பகுதி சைக்கிளில் தெற்கே வந்தது. வழியில் கிடைத்த சைக்கிள்களையும் பிடுங்கிக்கொண்டது. டயர் கிழிந்தபின் வெறும் ரிம்மில் ஓட்டியது. 1942 ஜனவரி 11 அன்று கோலாலம்பூர் விழுந்தது. இறங்கி நிற்கச் சொன்ன துரைகள் அப்போது ஊரில் இல்லை.

அந்தச் சைக்கிள்களில் தூரம் காட்டும் கருவி கிடையாது. தூரத்தைச் சாலையோரக் கல் சொன்னது. இத்தனையாவது கட்டை என்றால் ஊருக்குப் புரிந்தது. 1961இல் கிள்ளான் ஆற்றின்மேல் திறக்கப்பட்ட கோத்தா பாலம் இரண்டு தளங்கள் கொண்டது: மேலே கார்களும் லாரிகளும், கீழே நடப்பவர்களும் சைக்கிளில் போகிறவர்களும். ஒரு பெரிய பாலத்தைத் திட்டமிடும்போதே அதன் கீழ்த்தளத்தைச் சைக்கிளுக்கு ஒதுக்கும் அளவுக்கு அன்று சைக்கிள்கள் இருந்தன. பின்னர் பக்கத்தில் புதுப்பாலம் வந்தது, மேல்தளம் மூடப்பட்டது. கீழ்த்தளம் மட்டும் இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது.

சக்கரத்தை எண்ணித் தூரம் அறியும் வித்தை அதற்குள் பழையதாகிவிட்டிருந்தது. அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்டில் கர்ட்டிஸ் வீடர் என்ற பொறியாளர் 1895இல் ஒரு சைக்ளோமீட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஸ்போக் கம்பியில் ஒரு சிறு முள். அச்சின் ஓரத்தில் நட்சத்திர வடிவப் பல்சக்கரம். சக்கரம் ஒருமுறை சுற்றும்போது முள் ஒரு பல்லைத் தட்டும். 28 அங்குலச் சக்கரம் ஒரு மைலுக்கு ஏறத்தாழ 720 முறை சுற்றும். உள்ளே இருக்கும் பல்சக்கர வரிசை அந்தக் கணக்குக்கு அமைந்திருக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் அது ‘டிக்’ என்று ஒலிக்கும். எண்ணப்படுவதைக் காதாலேயே கேட்கலாம்.

1980களில் ஜப்பானின் கேட்ஐ போன்ற நிறுவனங்கள் இதை மின்னணுவுக்கு மாற்றின. முள்ளுக்குப் பதில் ஸ்போக்கில் ஒரு காந்தம். பல்சக்கரத்துக்குப் பதில் ஃபோர்க்கில் ஒரு சென்சர். அந்தச் சென்சருக்குள் இருந்தது மிக எளிய பொருள்: கண்ணாடிக் குழாய்க்குள் தொட்டும் தொடாமலும் நிற்கும் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். காந்தம் கடக்கும்போது அவை ஒட்டும், கடந்தபின் பிரியும். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் தொலைபேசி இணைப்புகளுக்காக 1930களில் உருவான சுவிட்ச் இது. சக்கரத்தின் சுற்றளவை நாம் மில்லிமீட்டரில் கொடுத்துவிட்டால் மீதியெல்லாம் பெருக்கல்தான். மணிக்கு 30 கிலோமீட்டரில் போகும் சைக்கிளில் அந்தத் தகடுகள் நொடிக்கு நான்கு முறை ஒட்டிப் பிரியும். நூறு கிலோமீட்டர் என்பது ஏறத்தாழ 47,600 ஒட்டல்கள்.

பூட்டும் வேலைக்குப் பத்து நிமிடம் போதும், ஆனால் கை பழகியிருக்க வேண்டும். ஃபோர்க்கில் ரப்பர் பட்டையை வைத்து, அதன்மேல் சென்சரை அமர்த்தி, இரண்டு கேபிள் டையால் முதலில் தளர்வாகக் கட்டுவார்கள். ஸ்போக்கில் காந்தத்தைத் திருகி, சென்சரின் மேலுள்ள கோட்டுக்கு நேராக வருமாறு ஏற்றி இறக்குவார்கள். இரண்டுக்கும் இடைவெளி 5 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, உரசவும் கூடாது. வயரை முன் பிரேக் கேபிளோடு சுற்றிச் சுற்றிக் கைப்பிடிவரை ஏற்றுவார்கள். பிறகு முன்சக்கரத்தைத் தூக்கி ஒரு சுழற்று. திரையில் எண் வந்தால் டையை இறுக்கி வாலை வெட்டிவிடலாம். வராவிட்டால் காந்தத்தை அரை அங்குலம் நகர்த்த வேண்டும். கடைக்காரர் தேநீரைக் கீழே வைக்காமலே செய்துவிடுவார்.

சுற்றளவுக்கு இரண்டு வழிகள். கையேட்டு அட்டவணையைப் பார்க்கலாம்: 700-23 டயருக்கு 2096, 700-25க்கு 2105. அட்டவணையை நம்பாதவர்கள் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, டயரின் காற்றுவாய் கோட்டுக்கு நேரே கீழிருக்க, சீட்டில் உட்கார்ந்தபடி ஒரு சுற்று உருட்டி, மறுபடி காற்றுவாய் கீழே வந்த இடத்தில் இன்னொரு கோடு போட்டு அளந்தார்கள். உட்கார்ந்தால்தான் டயர் சரியாக நசுங்கும். 2105 இருக்க வேண்டிய இடத்தில் 2096 என்று கொடுத்துவிட்டால் நூறு கிலோமீட்டருக்கு 430 மீட்டர் குறையும். அதற்காக வாதாடியவர்களும் இருந்தார்கள்.

இதற்கெல்லாம் சாலை தேவைப்பட்டது. கிள்ளான் பள்ளத்தாக்கில் அது எப்போதும் கொஞ்சம் தட்டுப்பாடுதான். கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களில் மோட்டார்சைக்கிளுக்கென்று தனித்தடம் போடப்பட்டது. சைக்கிளோட்டிகள் அதில் ஓரமாக ஒண்டிக்கொண்டார்கள். 2015இல் மெர்டேக்கா சதுக்கத்தில் தொடங்கி மிட்வேலி வரை சைக்கிளுக்கென்று தடம் வந்தது, நீளம் 5.5 கிலோமீட்டர். வேகமாக மிதிப்பவருக்கு அது பத்துப் பன்னிரண்டு நிமிடம். மற்றவர்கள் ஞாயிறு விடியலில் எழுந்து உலு லங்காட் மலைப்பாதைக்குப் போனார்கள், அல்லது தங்கள் தாமானைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். மேருக்காரர்களுக்குச் செத்தியா ஆலாமின் அகன்ற சாலைகள் கிடைத்தன. நார்த் ஹம்மோக் ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலம் அது. தோட்டம் வீடுகளானது, தோட்டத்தின் பெயர் ஒரு தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

உள்ளே துரத்தியது முதலில் காற்று. 2005 ஆகஸ்ட் 11 அன்று போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியது; அரசாங்கம் அவ்விரு இடங்களிலும் அவசரநிலை அறிவித்தது. 300ஐத் தாண்டினாலே ஆபத்து நிலை என்பது அந்தக் குறியீட்டின் கணக்கு. மேரு இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கிறது. 2015இலும் 2019இலும் சுமத்ராவின் புகை மறுபடி வந்தது. மாலை மழை பற்றிச் சொல்லவே வேண்டாம். வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம் பார்த்து இடி இடிப்பது இந்தப் பள்ளத்தாக்கின் பழக்கம். ஆனால் புகையும் மழையும் ஒரு சிலரைத்தான் டிரெய்னர் வாங்க வைத்தன. மற்றவர்களை உள்ளே அனுப்பியது கோவிட் தொற்றை ஒட்டி 2020 மார்ச் 18 அன்று தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. மே 4 வரை வெளியில் ஓடவும் முடியாது, சைக்கிள் ஓட்டவும் முடியாது. உலகெங்கும் டிரெய்னர்கள் விற்றுத் தீர்ந்தன. அந்த ஆண்டு நவம்பரில் தெராத்தாய் என்ற கோவிட் தொற்றுக்குழுமம் மேருவின் கையுறைத் தொழிலாளர் விடுதிகளில் வெடித்தது. விடுதிகளைச் சுற்றிக் கடுமையான கட்டுப்பாடு வந்தது. 2021 ஜூலையில் சிலாங்கூரின் பெரும்பகுதிக்கு அதே நிலை. கார் நிறுத்தும் முகப்பில் கிரில் கதவைப் பூட்டிக்கொண்டு மக்கள் மிதித்தார்கள்.

அங்கேதான் பூஜ்யம் காட்டிய அந்தத் திரை.

புதிதாக எல்லாம் வாங்கியவர்களுக்குச் சிக்கல் இல்லை. பழைய சைக்கிளையும் பழைய மீட்டரையும் வைத்திருந்தவர்கள்தான் சென்சரைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகப் பாடுபட்டார்கள். முதல் தடை வயர். முன் ஃபோர்க்கிலிருந்து கைப்பிடி வரை எட்டும் நீளத்தில்தான் அது வரும். பின்னால் போக இன்னும் ஒரு மீட்டராவது வேண்டும். டிரெய்னருக்கென்றே நீள வயர் வைத்த சென்சர்களும் விற்றன, கடை திறந்திருந்தால். திறக்காதபோது வயரை வெட்டி நடுவில் வேறு வயர் சேர்த்தார்கள். இதில் அந்தப் பழைய சுவிட்ச் கை கொடுத்தது. உள்ளே இருப்பவை ஒட்டிப் பிரியும் இரண்டு தகடுகள் மட்டும் என்பதால் இரண்டு கம்பிகளில் எதை எதோடு முறுக்கினாலும் வேலை செய்யும். பழுதான காதொலிக் கருவியின் வயர்கூடப் போதும்.

வயரில்லாத மீட்டர் வைத்திருந்தவர்கள் தப்பித்தோம் என்று நினைத்தார்கள். அவர்களுக்கு வேறு தடை. அந்த மலிவான வயரில்லா சென்சர்களின் வீச்சு ஏறக்குறைய 70 சென்டிமீட்டர். ஃபோர்க்கிலிருந்து கைப்பிடிக்கு அது தாராளம். பின்சக்கரத்திலிருந்து எட்டாது. போதாக்குறைக்குப் பக்கத்தில் சுழலும் மின்விசிறியின் மோட்டாரும் அந்தச் சமிக்ஞையைக் கலைக்கும்; விசிறி இல்லாமல் இந்த நாட்டில் டிரெய்னர் மிதிக்க ஆகாது. எனவே திரையையே கழற்றிச் சீட்டின் கீழ்க்குழாயில் மாட்டிவிட்டு, எண்ணைப் பார்க்கக் குனிந்து குனிந்து ஓட்டியவர்கள் உண்டு.

பூட்டும் இடமும் முன்போல் தாராளமாக இல்லை. வலப்பக்கம் செயின். ஆகவே இடப்பக்கம், பின்சக்கர அச்சுக்குப் போகும் கீழ்க்குழாயிலோ சீட்டிலிருந்து இறங்கும் குழாயிலோ கட்ட வேண்டும். கீழ்க்குழாயில் கட்டினால் டிரெய்னரின் பிடி இடிக்கிறதா, பெடல் கை சுற்றி வரும்போது வயரைத் தொடுகிறதா என்று மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். சீட்டிலிருந்து இறங்கும் குழாயில் கட்டினால் வேர்வை படாது, ஆனால் ஸ்போக்குக்கும் குழாய்க்கும் இடைவெளி கூடிவிடும். சென்சருக்கு அடியில் பழைய டியூப் துண்டை மடித்து வைத்து 5 மில்லிமீட்டருக்குள் கொண்டுவந்தார்கள். சோதனையும் தலைகீழ். முன்பு சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினோம். இங்கே சக்கரம் உருளையின் பிடியில் இருக்கிறது. ஏறி மிதித்துத்தான் பார்க்க வேண்டும், சரியில்லை என்றால் இறங்கிக் குனிய வேண்டும்.

எண் வந்தபின்தான் பெரிய கேள்வி வந்தது. இது எதன் வேகம்? உருளை அழுத்துவதால் டயர் சற்று உள்வாங்கியிருக்கும். சாலையில் சாக்பீஸ் போட்டு அளந்த சுற்றளவு அப்படியே பொருந்தாது. அது சிறு பிழை. பெரியது என்னவென்றால், காந்தத் தடையைக் குறைத்து வைத்தால் அதே ஆள் அதே மூச்சில் 38 கிலோமீட்டர் வேகம் போவார். கூட்டி வைத்தால் 24. ஏற்றம் இல்லை, எதிர்காற்று இல்லை, சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்கு இல்லை. நாற்பது கிலோமீட்டர் மிதித்தேன் என்றால் என்ன பொருள் என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்தக் குழப்பம் புதிதல்ல. 1912இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் உடற்பயிற்சிக் கூடத்திலும் நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிள்கள் இருந்தன. முன்னால் ஒரு பெரிய வட்ட முகப்பில் முள் ஓடி, ஓட்டியவர் எவ்வளவு தூரம் போனார் என்று காட்டும். அவர்களாவது கப்பலோடு கொஞ்சம் நகர்ந்தார்கள்.

பின்சக்கரத்துச் சென்சர் அந்தக் குழப்பத்தினூடே ஒரு புது வேலையைக் கற்றுக்கொண்டது. திரவத் தடை உள்ள சில டிரெய்னர்களில் இன்ன வேகத்துக்கு இத்தனை வாட் என்று ஒரு திட்டமான உறவு உண்டு. கர்ட் கினெட்டிக் என்ற அமெரிக்க நிறுவனம் தன் டிரெய்னருக்கு அந்த வரைகோட்டையே வெளியிட்டது. வேகத்தைச் சென்சர் சொன்னால் உழைப்பைக் கணினி கணக்கிட்டுவிடும். சக்தியை நேராக அளக்கும் கருவியை ஜெர்மனியின் உல்ரிச் ஷோபரர் 1986இலேயே கிராங்கில் பொருத்தியிருந்தார். அது பந்தய வீரர்களுக்குத்தான் கட்டுப்படியான விலை. ஸ்போக்கில் ஒரு காந்தமும் குழாயில் ஒரு சென்சரும் வைத்திருந்த சாதாரண ஆளுக்கு முதல்முறையாகத் தன் உழைப்பு வாட் கணக்கில் தெரிந்தது. தோராயம்தான். என்றாலும் தூரத்தை எண்ணப் பிறந்த பொருள் அங்கேதான் தூரத்தை விட்டு விலகியது.

சந்தையோ அதற்கு முன்பே விரைவாக மாறியிருந்தது. காந்தமும் வேண்டாம் என்றார்கள்: ரப்பர் வளையத்தால் ஹப்பைச் சுற்றி மாட்டும் சென்சர் 2014 வாக்கில் பரவியது. தன் சுழற்சியைத் தானே உணரும். 5 மில்லிமீட்டர் இடைவெளி, கோட்டுக்கு நேர் கோடு, டை, டியூப் துண்டு ஒன்றும் தேவையில்லை. முன்சக்கரத்திலிருந்து கழற்றிப் பின்சக்கரத்தில் மாட்ட அரை நிமிடம். சுற்றளவைக்கூட ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டு அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். வீட்டுக்குள் மட்டும் அது கொஞ்சம் தடுமாறும், ஏனென்றால் ஜிபிஎஸ் கணக்கில் நாம் நகரவே இல்லை. அப்போது பழைய அட்டவணையைத் தேடி 2105 என்று கையால் தட்ட வேண்டும்.

அதற்கும் முன்பே, 2012இல், வாஹூ நிறுவனத்தின் கிக்கர் டிரெய்னர் வந்துவிட்டிருந்தது. பின்சக்கரத்தைக் கழற்றி ஓரமாகச் சாத்திவிட்டு, செயினை நேராக இயந்திரத்தின் பல்சக்கரத்தில் மாட்டும் வகை. வாட், வேகம் இரண்டையும் அதுவே அளந்து அனுப்பும். சென்சர் பூட்டச் சக்கரமே இல்லை. 2014இல் வந்த ஸ்விஃப்ட் என்ற செயலி அந்த வாட்டை வாங்கி, ஓட்டுபவரின் எடையையும் திரையில் உள்ள மேட்டின் சரிவையும் சேர்த்து, இவர் இந்த மலையில் மணிக்கு 9 கிலோமீட்டர் போவார் என்று முடிவு செய்கிறது. ஃபிரான்சின் ஆல்ப் டுயெஸ் மலைப்பாதையின் 21 வளைவுகளையும் அதே சரிவோடு அதில் வரைந்து வைத்திருக்கிறார்கள். 2020 டிசம்பர் 9 அன்று அனைத்துலகச் சைக்கிள் சம்மேளனம் இதில் உலகப் போட்டியே நடத்தியது. ஆண்கள் பிரிவில் வென்ற ஜேசன் ஆஸ்போர்ன் அப்போது ஜெர்மனியின் படகோட்டி.

என்ன கிடைத்தது என்பதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. மேருவின் சாலையில் விடியற்காலை ஐந்து மணிக்குத் தனியாகச் சைக்கிள் ஓட்ட ஒரு பெண்ணுக்குத் தைரியம் மட்டும் போதாது; வீட்டுக்குள் அந்தக் கவலை இல்லை. இதய அறுவை முடிந்தவர் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டாமல் மிதிக்கலாம். இரவு பத்து மணிக்கு, பிள்ளைகள் தூங்கியபின், மழையில், புகையில் மிதிக்கலாம். வாட் என்ற அளவு காற்றுக்கும் மேட்டுக்கும் ஏமாறுவதில்லை. போன மாதத்தையும் இந்த மாதத்தையும் நேர்மையாக ஒப்பிட அதைவிட நல்ல அளவு சாதாரண ஆளுக்குக் கிடைத்ததில்லை. வெப்பம் மட்டும் பிடிவாதமானது. பெடலில் 200 வாட் போடுபவரின் உடல் ஏறக்குறைய 600 வாட் சூடாக வெளியேற்றும். சாலையில் 30 கிலோமீட்டர் வேகக் காற்று அதை இலவசமாக வாங்கிக்கொண்டது, முகப்பில் அதற்கு இரண்டு விசிறி ஓடுகின்றன. மின்கட்டணத்தில் அது தனியாகத் தெரியாது.

போனது வேறு வகை. முன்சக்கரச் சென்சர் தவறினால் கண்ணுக்குத் தெரிந்தது. காந்தம் திரும்பியிருக்கும், வயர் அறுந்திருக்கும், பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். மூன்றில் ஒன்று, கையால் தொட்டுச் சரிசெய்யலாம். இன்று திரையில் வேகம் குறைந்தால் அது டிரெய்னரின் அளவைப் பிசகா, புதுப்பிக்கப்பட்ட மென்பொருளா, எடையைத் தவறாகக் கொடுத்தோமா, வைஃபையா என்று தெரிவதில்லை. எண் முன்னைவிடத் துல்லியம். அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் இருட்டு. கடைக்காரரிடம் கொண்டுபோனாலும் அவர் கைப்பேசியைத்தான் எடுக்கிறார்.

இன்னொன்றும் மனத்தில் உறுத்துகிறது. தோட்டத்தில் உழைப்பை அளந்தது அடுத்தவர். வெட்டுக்காரர் கொண்டுவந்த பாலை நிறுத்தார்கள், அதில் எவ்வளவு ரப்பர் தேறும் என்று சோதித்தார்கள், கிராணி ஏட்டில் எழுதினார், கூலி அதன்படி. அந்த எடையின்மேல் தொழிலாளிக்கு எப்போதும் ஒரு சந்தேகம் இருந்தது. அவர் சைக்கிளில் போன தூரத்தை யாரும் அளக்கவில்லை. அது அவருடையதாகவே இருந்தது, இறங்கி நிற்கச் சொன்ன இடங்களைத் தவிர. அவருடைய பேரப்பிள்ளைகள் சில ஆயிரம் வெள்ளி கொடுத்துத் தங்கள் உழைப்பை நொடிக்கு நொடி அளக்கும் இயந்திரத்தை வாங்குகிறார்கள், மாதச் சந்தாவும் கட்டுகிறார்கள். தாத்தாவின் எடைக்கல்லையும் பேரனின் வாட் மீட்டரையும் ஒன்றென்று சொல்ல மாட்டேன். இவன் விரும்பிச் செய்கிறான், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். ஆனால் அளவு தூரத்திலிருந்து உழைப்புக்கு மாறியதும் ஓட்டுபவனின் முகமும் மாறியது. தூரம் ஓட்டியவர் சுற்றிப் பார்த்தார். வாட் ஓட்டுகிறவர் எண்ணைப் பார்க்கிறார்.

மேருவின் சாலைகளில் இன்றும் வேலைக்குச் சைக்கிளில் போகிறவர்கள் உண்டு. தொழிற்சாலைகளுக்கு வேலை நேரம் மாறும் பொழுது வங்காளதேசத்தவரும் நேபாளியரும் முன்கூடை வைத்த சைக்கிள்களில் லாரிகளின் ஓரமாகப் போகிறார்கள். கிரில் கதவுக்கு உள்ளே மிதிப்பவர்களுக்கும் அவர்களுக்கும் இடையே சில அடி தூரம்தான். அந்தச் சைக்கிள்களில் சென்சர் இல்லை. சிலவற்றில் பிரேக்கே ஒரு பக்கம்தான் பிடிக்கிறது. அவர்களுக்கென்று ஒரு தடம் போட இந்த ஊரில் யாரும் நினைக்கவில்லை. 1961இல் பாலம் கட்டியவர்கள் நினைத்திருந்தார்கள்.

கட்டுப்பாடு தளர்ந்தபின் பலர் மறுபடி வெளியே வந்துவிட்டார்கள். சென்சர் மட்டும் முன்னால் திரும்பவில்லை. பின்சக்கரத்திலேயே இருந்தால் சாலைக்கும் ஆகும், டிரெய்னருக்கும் ஆகும் என்று விட்டுவிட்டார்கள். இதனால் ஒரு புதிய வழக்கு முளைத்திருக்கிறது. மீட்டரின் மொத்தத் தூரத்தில் உள்ளே மிதித்ததும் வெளியே ஓட்டியதும் கலந்துபோய்விட்டன. ஆண்டுக் கடைசியில் நண்பர்கள் தத்தம் கணக்கை வாட்ஸ்அப்பில் போடும்போது, முகப்பில் மிதித்த கிலோமீட்டரைச் சேர்க்கலாமா என்று ஆரம்பிக்கும். சேர்க்கலாம், வேர்வை ஒன்றுதானே என்பது ஒரு கட்சி. சேர்க்கக் கூடாது, மழையில் நனைந்தவனும் விசிறியில் உட்கார்ந்தவனும் ஒன்றா என்பது மறு கட்சி. என் குறிப்பேட்டில் வெளியே போனதைக் கிலோமீட்டரிலும் உள்ளே மிதித்ததை மணியிலும் எழுதுகிறேன், இரண்டையும் கூட்டுவதில்லை. குழுவில் இதைச் சொன்னபோது இரண்டு கட்சிக்கும் பிடிக்கவில்லை.